இரத்தினம்மாவின் செய்தி

ஷாஃப்ஹவுசன்
11.11.1986, இரவு

என் சுகந்தி அக்காவுக்கு,

இந்த எழுத்தை உங்களுக்கு அடையாளம் தெரியாது. நீங்கள் வீட்டை விட்டுப் போனபோது நான் கொப்பியில் கோட்டுக்குக் கோடு இடித்துக்கொண்டு எழுதிய சின்னப்பிள்ளை. நான் தயா. உங்கள் தங்கச்சி.

கட்டடத்தின் நிலவறையில் இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லா வீட்டாருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. இன்று எங்கள் முறை என்பதால் அதன் பூட்டைத் திறக்கும் திறப்பு எங்களிடம் இருந்தது. எல்லோரும் படுத்த பிறகு இறங்கி வந்தேன். அம்மா கட்டிய கயிறுகளில் படுக்கை விரிப்புகள் தொங்குகின்றன. வெந்நீர்க் குழாய் மூச்சுவிடும்போது அவை பாய்மரம் போல மெல்ல உப்பி அடங்குகின்றன. படியில் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு அவற்றுக்குள் நிற்கிறேன்.

தன் பெயருக்கு அனுப்பப்பட்ட உங்கள் கடிதத்தை மேல்மாடிக் குகதாசன் அண்ணை மாடிப்படியில் வைத்து என் புத்தகப்பைக்குள் சொருகினார். "கொக்கா எழுதியிருக்கிறா. கொப்பரிட்டைச் சொல்லிப்போடாதை, என்னை ரைன் ஆத்துக்கை தள்ளிப்போடுவார்" என்றார். அவர் ஜெமீல் அத்தானோடு யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவராம். எனக்கு அதுவே தெரியாது. நீங்கள் அத்தானைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து உங்கள் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. சோறு போடும்போது அம்மா சில வேளை ஒரு கோப்பையைக் கூடுதலாக எடுத்துவிட்டுத் திருப்பி வைப்பார். அவ்வளவுதான்.

ஈரானில் இருந்து ஒருத்தி சுவிஸுக்கு எழுதினால் சொக்கலேட் கேட்பாள், சட்டை கேட்பாள் என்று நினைத்தேன். நீங்கள் கதை கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இங்கிலீஸ் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் நூலகத்தை ஒழுக்கக் குழுவினர் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள், வீட்டிலிருந்த இங்கிலீஸ் நாவல்களையும் கொண்டுபோய்விட்டார்கள், தபாலில் வரும் புத்தகம் வந்து சேராது, ஆனால் தமிழில் கையால் எழுதிய கடிதத்தை அந்த ஊரில் வாசிக்க ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். "ஐரோப்பியக் கதை ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் எழுதி அனுப்பு. நான் அதை இங்கிலீசாக்கி என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்."

எங்கள் டொச் ரீச்சர் தந்த பழைய ஜெர்மன் நாவல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அகராதியோடு வாசிக்கிறேன். ஏரிக்கரையில் ஓர் ஊர். அதை ஆள்பவர்கள் சமயப் பெரியவர்கள். பெண் துடுப்பைத் தொட்டால் தண்ணீர் அசுத்தமாகும் என்று சட்டம் போட்டவர்கள். அங்கே ஓடக்காரன் ஒருவனும் மனைவியும். அவளுடைய டொச் பெயரை எழுத எழுத அவள் தூரத்திலேயே நின்றாள். இரத்தினம்மா என்று எழுதினேன், திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லாமே மாறிவிட்டது. ஏரிக்கு என்னிடம் சொல் போதவில்லை, ஆகையால் அது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவிலுள்ள கடலாகிவிட்டது. அங்கே மூடுபனி வருமோ தெரியாது. நான் நிறையப் போட்டிருக்கிறேன்.

புருஷனுக்குக் காய்ச்சல். நடு இரவில் அக்கரையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். குரல் மட்டும் வருகிறது, ஆள் தெரியவில்லை. இரத்தினம்மா அவனுடைய மேற்சட்டையைக் கழற்றித் தான் போட்டுக்கொள்கிறாள். வள்ளத்தை அவிழ்க்கிறாள்.

யாரோ வருகிறார்கள் அக்கா. நிறுத்துகிறேன்.

தயா

*

கெர்மான் பக்கம்
8.12.1986

தயாக் குஞ்சு,

உன் வள்ளம் வந்து சேர்ந்தது. உறையை ஒருவர் பிரித்து ஒட்டியிருந்தார். பாவம், எங்கள் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருப்பார்.

நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கேட்பாய். கடைசிப் பாடவேளையில் கரும்பலகை நிறைய இலக்கணம் எழுதுவேன். வாசலில் ஒழுக்கக் குழுப் பெண்மணி வந்து நின்றால் நாங்கள் வினைச்சொல் படிக்கிறோம். அவர் போனதும் வினைச்சொற்கள் துடுப்புப் போடத் தொடங்கும். இது பாலைவன ஓரத்து ஊர். மழை பெய்தால் அது செய்தி. என் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் தண்ணீரைக் குளம் அளவுக்குக்கூடக் கண்டதில்லை. மூடுபனி என்றால் என்ன என்று கேட்டார்கள். கரும்பலகை அழிக்கும் துணியை ஜன்னல் வெயிலில் உதறிக் காட்டினேன். சுண்ணத்தூள் மெதுவாக இறங்கியது. வகுப்பு முழுக்க அதற்குள் கையை நீட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவர்கள் எல்லோரும் வள்ளத்தில் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

மஹ்நாஸ் என்றொருத்தி. அவளுடைய அண்ணன் யுத்தமுனையில் செத்துப்போனான். இரத்தினம்மா போனது பிழை என்கிறாள். காய்ச்சல்காரனை விட்டுப் போகலாமா? பின் வரிசை வாங்கில் இருப்பவர்கள், கூப்பிட்டவனுக்கு யார் போவது என்கிறார்கள். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அத்தான் ஐந்து வேளையும் தொழுகிறவர். பயத்தினால் தொழுகிறவர்களைப் பார்க்கும்போது தனக்கு வெட்கமாக இருக்கிறது என்கிறார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும், "உம்முடைய இரத்தினம்மா கரையிலை இறங்கிட்டாவோ?" என்று கேட்கிறார்.

நீ எழுதுவது எனக்கு எவ்வளவு பெரிது என்று சொன்னால் இன்னும் பயப்படுவாய். அப்பா கண்டுபிடித்தால் உடனே நிறுத்திவிடு. கண்டுபிடிக்கும் வரைக்கும் எழுது.

அக்கா

*

ஷாஃப்ஹவுசன்
6.1.1987, இரவு

அக்கா,

பனி கொட்டுகிறது. கட்டடம் முழுவதும் பஞ்சுக்குள் வைத்தது போல் இருக்கிறது. தூரத்தில் ரைன் நீர்வீழ்ச்சியின் சத்தம் கேட்கிறதா, என் காதுக்குள்தான் கேட்கிறதா என்று தெரியவில்லை. நேற்றுப் பள்ளி விட்டு வரும்போது பாலத்தில் ஆண்பிள்ளை மேற்சட்டை போட்ட ஒருத்தி எனக்கு முன்னால் நடந்து போனாள். நான் கிட்டப் போகவில்லை. திரும்பினால் அவளாக இருந்துவிடுவாள் என்று பயந்தேன்.

செய்தி இதுதான். இரத்தினம்மா அந்த இரவோடு நிற்கவில்லை. புருஷன் படுத்திருந்த நாட்களெல்லாம் இரவில் ஓடம் விட்டாள். ஊரைவிட்டு ஓட வேண்டியவர்களை அக்கரை சேர்த்தாள். ஒருநாள் பெரியவர்கள் கண்டுவிட்டார்கள். காய்ச்சல் மாறிய புருஷன் ஊருக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டான். அவள் வாசலில் நிற்கிறாள், மேற்சட்டையைக் கழற்றிப் படியில் மடித்து வைக்கிறாள்.

இதற்கு மேல் இப்போது எழுத மாட்டேன். புத்தகத்தை முடித்துவிட்டேன். முடிவை எழுத எனக்குக் கை வரவில்லை.

தயா

*

30.1.1987

குஞ்சு,

இன்று நேரமில்லை, விமானத்தபால் தாள் ஒன்றில் கேள்வி மட்டும்.

இரத்தினம்மா அன்றிரவு எங்கே படுத்தாள்? சாப்பிட்டாளா? புருஷன் கதவைச் சாத்தியதைக் கேட்டு இங்கே பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். அவளுக்கென்று ஒரு தகப்பன் வீடு இல்லையா என்று மஹ்நாஸ் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உடனே எழுது. எங்கள் யாருக்கும் நித்திரை இல்லை.

அக்கா

*

ஷாஃப்ஹவுசன்
15.2.1987, இரவு

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விமானத்தபால் வந்தபோது குகதாசன் அண்ணை இங்கே இல்லை. ஆராவ் நகரில் ஒரு கிழமை வேலை என்று போயிருந்தார். எங்கள் கட்டடத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. யாருக்குக் கடிதம் வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி அறையில் எல்லோரும் கூடி, தேத்தண்ணி ஊற்றி, சத்தமாக வாசிப்பார்கள். ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்த மாதிரி. வாசிப்பவர் எப்போதும் சச்சிதானந்தன் ஐயா. அவர் மேலே கீழே உள்ள பெயர்களில் நேரத்தை வீணாக்காமல் நேரே செய்திக்குப் போய்விடுவார். இன்று உங்கள் கடிதத்துக்கும் அப்படியே போனார். நான் அம்மாவோடு கதவோரம் இருந்தேன்.

"எந்த ஊர் இரத்தினம்மா இது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஊர்காவற்றுறைதான்," என்றார் சச்சிதானந்தன் ஐயா. குகதாசன் அண்ணை வேலைக்குப் போவதற்கு முன்பே அவரிடம் ஏதோ அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். "எனக்கு அந்த மனிசியைத் தெரியுமே! கறுத்த, உயர்ந்த மனிசி. துறைமுகத்தடியிலை வீடு."

"ஐயா, நீங்கள் புங்குடுதீவெல்லோ?"

"புங்குடுதீவார் ஊர்காவற்றுறைக்குப் போறேல்லையோ? விசர்க் கதை கதையாதை!"

"கதவைச் சாத்தின புருசனை நாலு பேர் கேக்க வேணும்."

"அவளிலையும் பிழை. இரவிலை ஏன் வெளிக்கிட்டவள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் வகுப்பே அந்த அறையில் வந்து இருந்த மாதிரி. அப்போதுதான் பார்த்தேன், அப்பா வேலையால் வந்து படியில் நின்றுகொண்டிருந்தார். ஹோட்டல் சட்டி கழுவிச் சிவந்த கையை நீட்டி, "இஞ்சை தா" என்று தாளை வாங்கினார். கண்ணாடி போடவில்லை. வாசிக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தார். உங்கள் எழுத்தை. பிறகு முத்திரையைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். யாருக்கு வந்தது என்றுகூடக் கேட்கவில்லை; மேலே என் பெயர் இல்லாமல் நீங்கள் குஞ்சு என்று மட்டும் எழுதியது நல்லதாய்ப் போயிற்று.

சற்று முன்பு, அப்பா அம்மாவோடு கதைத்தது சுவர் வழியாகக் கேட்டது.

"வேறை பேரிலை தன்ரை கதையை எழுதியிருக்கிறாள்."

"என்னப்பா சொல்லுறியள்?"

"அவன் அவளை வெளியிலை விட்டிட்டான். கதவைச் சாத்திப்போட்டான். தகப்பன் வீடு இல்லையோ எண்டு கேட்டிருக்கிறாள். என்னைத்தான் கேட்டிருக்கிறாள்."

அப்பா அழுவதை இதற்கு முன் நான் கேட்டதில்லை. இறங்கி வரும்போது பார்த்தேன். என் பள்ளி அட்லஸ் அடுப்படி மேசையில், ஈரான் பக்கத்தில் திறந்து கிடக்கிறது.

நான் என்ன செய்ய? அது வெறும் கதை என்று சொன்னால், எழுதியது நான் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அத்தான் கெட்டவராகிவிடுவார். சொன்னால் இந்தத் திறப்பு எனக்கு இனிக் கிடையாது, உங்கள் பிள்ளைகளுக்கு முடிவும் கிடையாது. உடனே எழுதுங்கள்.

தயா

*

10.3.1987

தயா,

இதை நம்பிக்கையான ஒரு தாதி கையோடு கொண்டுபோய் வியன்னாவில் தபாலில் போடுவாள். அதனால் வெளிப்படையாக எழுதுகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தைத் தபாலகத்திலும் அதற்கு முந்தியதை என் பள்ளிக்கூட மேசையிலும் எடுத்து, இரண்டையும் ஒழுக்கக் குழுவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தமிழ் வாசிக்க ஆள் தேடினார்கள். இந்த ஊரில் தமிழ் தெரிந்த ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் இருந்து ஜீப்பில் ஏற்றிப்போய் அத்தானை மேசைக்கு முன்னால் இருத்தி, வாசித்துச் சொல்லச் சொன்னார்கள்.

பொய் சொல்லத் தெரியாத மனிசன். ஆனால் பொய் சொல்லத் தேவை வரவில்லை. புத்தகம், கதை என்ற சொற்களையும் வகுப்பையும் தாண்டிவிட்டு, மிச்சத்தை அப்படியே வாசித்தார். ஊரில் ஒரு மாமி. புருஷனுக்குக் காய்ச்சல். வள்ளம். சாத்திய கதவு. குழுத்தலைவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டிருந்தாராம். பிறகு அடுத்த கடிதம். தன் மாமனார், மருமகன் தன் மகளைத் துரத்திவிட்டதாக நினைத்து இரவில் அழுதார் என்பதை அந்நியர் மூவருக்கு முன்னால் தன் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டி வந்தது. அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டாராம். தலைவர் தண்ணீர் கொடுத்தாராம்.

விடும்போது அந்தத் தலைவர் கேட்ட கேள்வியைக் கேள்: "அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள்?"

ஆனாலும் விட்டுவிடவில்லை. என் வகுப்பில் இப்போது ஒருத்தி பின் வரிசை வாங்கில் இருந்து குறிப்பெடுக்கிறாள். கதை நின்றுவிட்டது. பிள்ளைகள் நடைபாதையில் என்னைக் கடக்கும்போது புருவத்தை மட்டும் உயர்த்துகிறார்கள். இனி எங்களுக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றையும் அத்தான் அந்த மேசையில் வாசித்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவரலாம். ஒரு சொல் பிசகினால் அவருடைய வேலை போகும், அதோடு நிற்காது.

ஆகவே எழுதுவதை நிறுத்து. அல்லது ஒன்றே ஒன்று எழுது, முடிவு இருக்கிற ஒன்று. முடிவை மாற்றாதே. நான் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கதையிலும் பொய் சொன்னதில்லை. ஆனால் அது உன் கடிதமாக இருக்கக் கூடாது தயா. ஒளித்து எழுதுகிற பிள்ளையின் பயம் உன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது, அத்தானே சொன்னார். பெரியவர் ஒருவர் பட்டப்பகலில் எழுதிய ஊர்க் கடிதம் மாதிரி இருக்க வேண்டும். அப்படி எழுதுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

முடியாவிட்டால் விடு. உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அக்கா

*

ஷாஃப்ஹவுசன்
29.3.1987, ஞாயிறு, பகல்

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். இதை அடுப்படி மேசையில் இருந்து எழுதுகிறேன். ஜன்னல் திறந்திருக்கிறது. அம்மா மீன் பொரிக்கிறார். அப்பா எனக்கு எதிரில் இருக்கிறார்.

உங்களுக்குக் கடிதம் எழுதி வந்ததை அப்பாவிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று கதவுப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு, "அப்ப அவன் என்ரை பிள்ளையை வெளியிலை விடேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. அத்தான் அக்காவை நல்லா வைச்சிருக்கிறார். அக்காவுக்காக எங்கையும் போய் நிப்பார்."

"அப்ப இந்த இரத்தினம்மா ஆர்?"

"அவ வேறை, அப்பா. அக்காவுக்கும் எனக்கும் வேண்டியவ."

அப்பா சிரித்தார் என்று நினைக்கிறேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பியிருந்தார். "ஒண்டரை மாதமா அவளுக்காக நித்திரை முழிச்சிருக்கிறன்" என்றார். "இனி என்ன நடந்ததெண்டு எனக்குச் சொல்லாமல் ஏலாது." உங்களுக்குச் சொல்வதற்கு முன் அவருக்குத்தான் முதலில் சொன்னேன். மேல்மாடியில் இருப்பவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

அக்கா, இரத்தினம்மா மாமியைப் பற்றிய கடைசிச் செய்தி இதுதான். அன்றிரவு அவ எங்கும் படுக்கவில்லை. எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. நல்ல மூடுபனி. அக்கரையில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டதாம். மேற்சட்டை இல்லாமல், தன் சொந்த உடுப்போடு, முதல் தடவையாக ஒளிக்காமல் வள்ளத்தில் ஏறிப் போனா. கரையில் நின்றவர்களுக்கு வெகுநேரம் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. விடிந்த பிறகு, அக்கரை நாணலுக்குள் வள்ளம் வெறுமையாகக் கிடந்தது. துடுப்பு இரண்டும் உள்ளே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அவவை ஒருவரும் காணவில்லை. இதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது.

இதைக் கேட்டு மேல்மாடி முழுக்க அழுதது. சச்சிதானந்தன் ஐயா, "நல்ல மனிசி, கடலிலை மூழ்கித் தாண்டு போனாளே" என்று துவாயால் முகத்தைத் துடைத்தார். அப்பா மட்டும் அழவில்லை. என்னிடமிருந்து பேனையைக் கேட்கிறார். மிச்ச இடத்தை அவருக்கு விடுகிறேன்.

தயா

மருமகன் ஜெமீலுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் திருத்தி வாசிக்கவும்.

அழுகிற சனத்துக்கு நான் சொன்னதை உமக்கும் சொல்கிறேன். வள்ளம் கவிழவில்லை. தாண்டு போகிறவள் துடுப்பை எடுத்து உள்ளே அடுக்கி வைப்பாளா? வள்ளம் வெறுமையாகக் கிடந்தால் ஆள் இறங்கிப் போய்விட்டாள் என்றுதான் அர்த்தம். இரத்தினம்மா கரை சேர்ந்துவிட்டாள். இதை என் பிள்ளைக்குச் சொல்லவும். கவலையோடு விசாரிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லவும்.

எங்கள் இடத்தில் கடிதத்தை நாலு பேருக்குக் கேட்கத்தான் வாசிப்பது. நீரும் இதை வெட்கப்படாமல் சத்தமாக வாசியும்.

அவளுக்குத் தகப்பன் வீடு இல்லையோ என்று ஒரு பிள்ளை கேட்டதாக அறிந்தேன். இருக்கிறது. சின்ன வீடு. ஆனால் இருக்கிறது. அது உமக்கும் வீடு.

மாமா